அத்தையோடு எட்டாம் பாகம்: உளவுப் படத்தின் தொடர்ச்சியைக் குடும்பத்தோடு பார்ப்பது எப்படி

முதலில் ஒரு பாரத்தை இறக்கி வைத்துவிடுகிறேன். 'மிஷன்: இம்பாசிபிள்' தொடரின் எட்டாம் படத்துக்கு முன் மற்ற ஏழையும் பார்த்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால், தலையாட்டிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஏழும் சேர்ந்தால் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். என் அண்ணன் மகன் பள்ளி விடுமுறையில் இரவும் பகலுமாக உட்கார்ந்து அத்தனையும் பார்த்து முடித்தான். படத்தன்று அரங்கில் பாதி நேரம் தூங்கினான், விழித்திருந்த மீதி நேரம் எல்லாருக்கும் கதை சொன்னான். இரண்டில் எது பெரிய தொல்லை என்பதற்கு எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். படம் பார்க்க ஈப்போவுக்குப் போவதுதான் வழக்கம். கந்தான் சுண்ணாம்புக் குன்றுகளைத் தாண்டி, செம்மோர் வழியாகப் பழைய சாலையில் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காரில் என்னோடு வருபவர்கள் அண்ணனின் இரண்டு பிள்ளைகளும் அத்தையும். அத்தை என் அப்பாவின் தங்கை, எண்பதை நெருங்குகிறார். எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். ஆங்கிலம் தெரியாது. மலாய் நன்றாகப் பேசுவார், ஆனால் திரையில் ஓடும் எழுத்தை அந்த வேகத்தில் படிக்கமாட்டார். சண்டைப் படம் என்றால் உயிர். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அவரை அழைத்துப் போகிறவர் படிக்க வேண்டியது இது. வீட்டுத் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டுகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதைப் பார்த்துவிட்டுப் போவது

இரண்டே படம் போதும். ஒன்று, 1996இல் பிரையன் டி பால்மா இயக்கிய முதல் படம். மற்றது 2023இல் வந்த ஏழாம் படம், 'டெட் ரெக்கனிங்'. ஏழாவதைப் பார்க்காமல் எட்டாவதற்குப் போவதில் பயனில்லை. அது பாதிக் கதையில் நிற்கிற படம். பெயரோடு முதலில் 'முதல் பகுதி' என்ற வாலும் இருந்தது, பிறகு நறுக்கிவிட்டார்கள். 2025 மே மாதம் வந்த எட்டாவது, 'த ஃபைனல் ரெக்கனிங்', அதன் மிச்சத்தைச் சொல்கிறது. இரண்டுக்கும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரி.

2006இல் வந்த மூன்றாம் படத்திலிருந்து ஒரு செய்தி மட்டும் மனத்தில் இருந்தால் நல்லது. 'முயல் கால்' என்று ஒரு பொருளுக்காக எல்லாரும் ஓடினார்கள், அது என்னவென்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. எட்டாம் படம் அதற்கு ஒரு விளக்கம் கொடுக்கிறது. எனக்கு அந்த விளக்கம் ஒட்டவே இல்லை. சொல்லாமல் விட்டபோது அது இன்னும் நன்றாக இருந்தது. 2000இல் ஜான் வூ எடுத்த இரண்டாம் படத்தைத் தாராளமாக விட்டுவிடலாம். புறா பறப்பதையும் தலைமுடி பறப்பதையும் பார்க்க ஆசையிருந்தால் தனியாக ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதல் படத்தை மட்டும் விடாதீர்கள். ஏன் என்று சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எட்டாம் படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சி.ஐ.ஏ. தலைமையகத்தில் வெள்ளை வெளேரென்று ஓர் அறை. தரையில் எடை விழுந்தால் மணி அடிக்கும். அறையின் வெப்பம் கூடினாலும் அடிக்கும், சத்தம் எழுந்தாலும் அடிக்கும். ஈத்தன் ஹன்டாக வரும் டாம் குரூஸ் கூரையிலிருந்து கயிற்றில் தலைகீழாக இறங்குகிறார். பின்னணி இசை கிடையாது. நெற்றியிலிருந்து புறப்படும் ஒரு சொட்டு வியர்வைதான் அந்த நிமிடத்தின் வில்லன். படப்பிடிப்பில் குரூஸின் தலை தரையில் முட்டிக்கொண்டே இருந்ததாம். காலணிக்குள் நாணயங்களைப் போட்டு எடையைச் சரிக்கட்டிய பிறகுதான் தரைக்கு மேல் அப்படிக் கிடையாக நிற்க முடிந்ததாம்.

எல்லாரும் கயிற்றில் தொங்குகிறவரைப் பார்ப்பார்கள். அத்தை பார்த்தது வேறொருவரை. அந்த அறையில் வேலை செய்யும் டன்லோ என்ற அதிகாரி. அவருடைய காப்பியில் மருந்தைக் கலந்துவிடுகிறார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார், திரும்ப வருகிறார், மறுபடியும் ஓடுகிறார். கடைசியில் வந்து பார்த்தால் மேசையில் ஒரு கத்தி குத்திக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான் அவருடைய பாத்திரம். விஷயம் வெளியே தெரிந்ததும், அந்த ஆளை இன்றைக்குள் அலாஸ்காவில் ஒரு ரேடார் கோபுரத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போகிறார். நாம் தண்ணீர் இல்லாத காட்டுக்கு மாற்றல் என்கிறோமே, அதுதான். அது சிரிப்பதற்கான இடம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. "அவன் என்ன தப்பு செய்தான்? வயிற்றுப்போக்குக்கு ஒரு தண்டனையா?" என்றார். அந்த அறையிலிருந்து திருடிய உளவாளிகளின் பெயர்ப்பட்டியல் யார் கையில் போனது, துரோகி யார் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லாமல் போனது. ரயில் மேல் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதும், அந்த ஆளுக்குச் சம்பளமாவது ஒழுங்காகக் கிடைத்ததா என்று கேட்டார். கணக்கு இடித்தால் அது யார் தலையில் விடியும் என்று எஸ்டேட் லயத்தில் பார்த்து வளர்ந்தவர். என்னிடம் பதில் இல்லை.

பதில் எட்டாம் படத்தில் இருக்கிறது. இதைச் சொல்வதால் எதுவும் கெடாது, படம் வருவதற்கு வெகு முன்பே செய்தியாக வந்த விஷயம்தான். அதே நடிகர் ரோல்ஃப் சாக்சன் இருபத்தொன்பது ஆண்டு மூப்போடு, பேரிங் கடல் தீவு ஒன்றில், பனிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மனைவி. அந்தப் பழைய கத்தியைக்கூட வைத்திருக்கிறார். மனத்தில் வன்மம் இல்லை. அத்தை என் முழங்கையைப் பிடித்து, "கல்யாணம் ஆகிவிட்டது!" என்று சொன்ன சொல் மூன்று வரிசைக்குக் கேட்டது.

தொடர்ச்சிப் படத்தை எடைபோட நான் இப்போது வைத்திருக்கும் படிக்கல் இதுதான். பழைய படம் ஒரு சிரிப்புக்காகத் தூக்கி எறிந்த சிறிய ஆளைப் புதிய படம் தேடிப் போகிறதா? பெரிய வெடிப்பு, பெரிய விமானம் எல்லாம் காசு இருந்தால் வந்துவிடும். உலகத்தைக் காப்பாற்றும் குழு, தன் வேலை முடிய வேண்டும் என்பதற்காக ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கலைத்துப் போட்டது. ஏழு படம் வரை யாரும் அதைக் கேட்கவில்லை. எட்டாவது படம் கேட்கிறது. அதனால் முதல் படத்தைப் பார்க்கும்போது வீட்டுப் பெரியவர்கள் யாரைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று கவனியுங்கள். அந்தக் கவலையைத் தட்டிக் கழிக்காமல் நினைவில் வைத்துக்கொண்டு எட்டாவதற்குப் போங்கள்.

பொருள் எங்கே இருக்கிறது?

உளவுப் படத்தில் பெயர்கள் குழப்பும். யார் எந்தத் துறை, யார் யாருக்கு மேல் என்பதை அத்தைக்கு மட்டுமல்ல, எனக்கும் தொடர முடிவதில்லை. தேவையும் இல்லை. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அது இப்போது யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனால் கதை புரியும். ஏழாம் படத்தில் அது இரண்டு துண்டாகப் பிரியும் ஒரு சாவி. அந்தச் சாவி திறப்பது கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ரஷ்ய நீர்மூழ்கிக் கப்பலில். கப்பலுக்குள் இருப்பது, உலகத்தையே ஆட்டிவைக்கும் ஒரு செயற்கை அறிவின் மூல நிரல். சாவி, கப்பல், நிரல். இவ்வளவையும் காரில் செம்மோர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

இந்த வேலையில் அத்தையை யாரும் வெல்ல முடியாது. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் வட்டார எஸ்டேட்டுகளில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது 1960வரை நீடித்தது. காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று, வேலைக்குப் போகிறவர்களை எஸ்டேட் வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். அத்தை அப்போது சிறு பிள்ளை. யார் கையில் என்ன இருக்கிறது, யார் இடுப்பில் என்ன செருகியிருக்கிறது என்று பார்க்கும் கண் அவருக்கு அங்கே வந்தது. ரோம் நகரத் துரத்தலில் சாவி கை மாறியதை நாங்கள் எல்லாரும் தவறவிட்டோம். அவர் விடவில்லை.

போகிற போக்கில் ஒன்று. இந்த இரண்டு படங்களிலும் ஈத்தனைத் துரத்தும் அதிகாரியின் பெயர் பிரிக்ஸ். 1950இல் காட்டோரத்து மக்களைப் பெயர்த்துக் கம்பி வேலிக்குள் புதுக்கிராமங்களில் வைத்த திட்டத்துக்கும் பிரிக்ஸ் திட்டம் என்றுதான் பெயர். அரங்கில் அந்தப் பெயரைக் கேட்டு நான் ஒருத்தி மட்டும் சிரித்தேன். வரலாறு கற்பித்தவளுக்கு இப்படிச் சில தனிமையான சிரிப்புகள் உண்டு.

யாரை எங்கே உட்கார வைப்பது

நம் நாட்டு அரங்குகளில் ஆங்கிலப் படத்துக்குக் கீழே மலாயும் சீனமும் ஓடும். தமிழுக்கு நீங்கள்தான். ஆகவே மொழிபெயர்க்கிறவர் பெரியவரின் நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார வேண்டும். எது நன்றாகக் கேட்கும் காது என்பதை அரங்குக்குள் போன பிறகு கண்டுபிடிக்க முயலாதீர்கள். வரிசையின் ஓர இருக்கையை முன்கூட்டியே வாங்குங்கள். கதை தெரிந்த பிள்ளையை உங்களுக்கு அப்பால், பெரியவருக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரே காதில் இரண்டு பேர் கதை சொன்னால் படமும் போய்விடும், பாசமும் போய்விடும்.

எல்லாவற்றையும் மொழிபெயர்க்கக் கூடாது. ஒருவர் இன்னொருவரை மிரட்டினால் அது முகத்திலேயே தெரியும். புதிதாக ஒருவர் வந்தால் "நம்மவர்" அல்லது "நம்மவர் இல்லை". இடம் மாறினால் ஊர்ப்பெயர். மூன்று சொல்லுக்கு மேல் போனால் பின்வரிசைக்காரர் உச்சுக்கொட்டுவார், அதில் நியாயமும் இருக்கிறது.

குளிருக்கு ஒரு சால்வை கட்டாயம். பலகாரத்தை வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்குவதாக இருந்தால் படம் முடிந்த பிறகு வாங்குங்கள். முன்னமே வாங்கினால் அத்தை கைப்பையில் மறைத்து எடுத்துவருவார். வாசல் சோதனையை ஏமாற்றுவதில் அவருக்கு உள்ள மகிழ்ச்சியை நான் கெடுப்பதில்லை, ஆனால் பரிந்துரைக்கவும் மாட்டேன்.

எப்போது எழுந்து போகலாம்

படம் 169 நிமிடம். விளம்பரத்தோடு சேர்த்தால் மூன்று மணி நேரம். வயதானவர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: முதல் ஒரு மணி நேரம் பேச்சு. பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. ஆளுக்கு ஒரு வரியாக ஆபத்தை விளக்குகிறார்கள், நடுநடுவே பழைய படங்களின் துண்டுகளை ஒட்டிக் காட்டுகிறார்கள். இத்தனை ஆண்டு கூடவே வந்த பார்வையாளனை நம்பாத படம் போல இருக்கிறது. கழிவறைக்குப் போக வேண்டியவர்கள் இந்த நேரத்தில் கூச்சமில்லாமல் போகலாம். திரும்பி வரும்போதும் யாராவது எதையாவது விளக்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

நீர்மூழ்கிக் கப்பல் வந்த பிறகு யாரும் எழக் கூடாது. ஈத்தன் தனியாகக் கடலடிக்குப் போய், செத்த கப்பலுக்குள் நுழைகிறார். கப்பல் சரிவில் மெல்ல உருள்கிறது. தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய, உள்ளே இருக்கும் டார்பிடோ குண்டுகள் அவரை நசுக்க வருவதுபோல் உருண்டு விழுகின்றன. ஏறக்குறைய வசனமே இல்லை. எனக்கு வேலையும் இல்லை. அத்தையும் நானும் கல்லூரியில் ஆங்கிலம் படித்த பக்கத்து இருக்கைப் பெண்ணும் ஒரே அளவு புரிந்துகொண்டு, ஒரே அளவு பயந்தோம். இந்தப் பகுதிக்காகவே பெரிய திரை வேண்டும். வீட்டில் பார்க்கிறவர்கள் மின்விசிறியை நிறுத்தாவிட்டாலும் விளக்கையாவது அணைத்துவிடுங்கள்.

முடிவுக்கு முன் வரும் இரட்டை இறக்கை விமானச் சண்டையில் பின்னணியைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் எடுத்தது. குரூஸ் இறக்கையைப் பற்றிக்கொண்டு தொங்கும்போது கன்னத்துச் சதை காற்றில் அலை அடிக்கிறது. அந்த அலையைக் கணினியில் வரைந்ததாகத் தோன்றவில்லை. அவர் 1962இல் பிறந்தவர் என்று நான் சொன்னதற்கு, "பென்ஷன் வாங்குகிற வயதில் இவனுக்கு எதற்கு இந்த வேலை, வீட்டில் கேட்க ஆள் இல்லையா?" என்றார் அத்தை. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

திட்டம் சொன்னால் நடக்காது

இந்தத் தொடருக்கு மட்டுமல்ல, எல்லா உளவுப் படத்துக்கும் உதவும் ஒரு கணக்கு உண்டு. திட்டத்தை நமக்கு முன்கூட்டியே படம் போட்டு விளக்கினால், அந்தத் திட்டம் கெடும். விளக்காமல் மறைத்தால், அது பலித்துவிடும். முன்னதில் நமக்குப் பதற்றம் வர வேண்டும், பின்னதில் வியப்பு வர வேண்டும். 2018இல் வந்த ஆறாம் படத்தின் தொடக்கத்தில் ஒரு கைதியை ஏமாற்றப் போலி மருத்துவமனை, போலித் தொலைக்காட்சிச் செய்தி என்று ஒரு நாடகமே நடக்கிறது. நமக்கும் சொல்லவில்லை, அதனால் பலித்தது. எட்டாம் படத்தில் எத்தனை அடி ஆழம், எத்தனை நிமிட மூச்சு என்று விளக்கும்போதே, இது ஒன்றும் இப்படி நடக்கப்போவதில்லை என்று பெரியவரின் காதில் சொல்லிவிடுங்கள். விளக்கத்தை மொழிபெயர்க்கும் பாடு மிச்சம்.

வியப்பு ஒரு முறைதான் பலிக்கும் என்பதை நம் தமிழ்ப் படத்திலேயே பார்த்திருக்கிறோம். கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' 2013இல் வந்தபோது, அடிவாங்கிக்கொண்டிருந்த சாதுவான கதக் ஆசிரியர் ஒரு கணத்தில் வேறு ஆளாக மாறியதைப் பார்த்து அரங்கமே எழுந்தது. 2018இல் இரண்டாம் பாகம் வரும்போது அவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் காசு செலவாகிவிட்டது. இரண்டாம் பாகம் அதற்கு ஈடாகத் தாயையும் பழைய நாட்களையும் கொண்டுவந்தது. தாய் வரும் இடங்கள் எனக்குப் பிடித்தன, மற்றவை கலைந்து கிடந்தன. வேறொருவர் முகம்போல் முகமூடி போட்டுக் கழற்றுவதை மட்டும் நம்பி எட்டுப் படம் எடுக்க முடியாது என்பது ஹாலிவுட்காரர்களுக்கும் தெரிந்துதான் இருக்கிறது. எட்டாவதில் முகமூடி வேலை வெகு குறைவு.

இசைக்கு ஒரு விளையாட்டு

சிறு பிள்ளைகள் இருந்தால் திரி எரியும் தலைப்பிசையில் தாளம் போடச் சொல்லுங்கள். 1966இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடருக்காக லாலோ ஷிஃப்ரின் அமைத்த மெட்டு அது. ஐந்து எண்ணிக்கைத் தாளம். 'தகிட தகிட தக திமி' என்று வாயால் சொல்லிப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். உறுமி மேளம் அடிக்கும் எங்கள் தெருப் பையன் முதல் சுற்றிலேயே தொடையில் பிடித்துவிட்டான். நாலு எண்ணிக் கைதட்டப் பார்த்த அண்ணன் மகள் கடைசிவரை இடறிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எப்படிச் சொல்வது

பார்த்துவிட்டு வந்தால் ஊரில் நான்கு பேர் கேட்பார்கள். கோயிலில், ரொட்டி சானாய்க் கடையில், கல்யாண வீட்டுப் பந்தியில். படம் எப்படி என்றால், நன்றாக இருக்கிறது அல்லது குப்பை என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். எங்கே அலுத்தது, எங்கே மூச்சை நிறுத்தியது என்று இரண்டு இடங்களைச் சொன்னால் கேட்பவருக்குப் பயன்படும். யார் சாகிறார் என்பதைச் சொல்லவே கூடாது. எட்டுப் படங்களிலும் ஈத்தனோடு வருகிற லூதரைப் பற்றி, ஈத்தனைத் தவிர எட்டிலும் வருகிறவர் அவர் ஒருவர்தான் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தையும் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்வது இப்படி: முதல் ஒரு மணி நேரம் வீண், கப்பலுக்காகப் போகலாம், அலாஸ்காக்காரருக்காகக் கட்டாயம் போகலாம். அத்தையிடம் கேட்டவர்களுக்குக் கிடைப்பது வேறு படம். வேலையில் அநியாயமாக மாற்றல் கொடுத்த ஒருவரைக் கடைசியில் மரியாதையாகக் கூப்பிட்டு வேலை கொடுக்கிறார்கள் என்று கதை சொல்கிறார். நடுவில் ஒரு வெள்ளைக்காரன் தண்ணீரில் விழுகிறானாம். கேட்டவர்களில் இரண்டு பாட்டிகள் டிக்கெட் என்ன விலை என்று விசாரித்தார்கள்.

பெரியவருக்கு ருசி தட்டிவிட்டது என்றால் அடுத்து அந்த ஆறாம் படம், 'ஃபால்அவுட்'. லண்டனில் கட்டடம் விட்டுக் கட்டடம் தாவும்போது குரூஸின் கணுக்கால் உண்மையிலேயே உடைந்தது. அந்தத் தாவலையே படத்தில் வைத்திருக்கிறார்கள், எழுந்து நொண்டிக்கொண்டு போவதில் நடிப்பு இல்லை. அதற்குப் பிறகு 2011இன் 'கோஸ்ட் புரோட்டோகால்', 828 மீட்டர் உயர புர்ஜ் கலிஃபாவின் கண்ணாடிச் சுவரில் ஏறுகிற படம். உயரம் கண்டால் தலை சுற்றுகிறவர்களுக்கு இதைப் பகலில், சாப்பாட்டுக்கு முன் போட்டுக் காட்டுங்கள்.